கிறுகிய சொல்

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு. அம்பாறை நகரில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நடத்திய ஒரு சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் கறிக்குள் கிடந்த மாக்கட்டி ஒன்றைக் காட்டிச் சத்தம் போடுகிறார். கூட்டம் சேர்கிறது. காசு மேசையில் இருந்தவருக்குச் சிங்களம் அரைகுறை. சிங்களவரை மலடாக்கும் மாத்திரையைக் கறிக்குள் போட்டாயா என்று கேட்கிறார்கள். மாக்கட்டியைப் பற்றித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தாரோ, உயிர் தப்பினால் போதும் என்று நினைத்தாரோ, போட்டதாக ஒப்புக்கொள்வதுபோல் ஒரு பதில் அவர் வாயிலிருந்து வருகிறது. அதை யாரோ கைத்தொலைபேசியில் பிடித்துவிட்டார்கள். கடை நொறுங்கியது. அவரும் அடிபட்டார். பள்ளிவாசலும் தப்பவில்லை. அந்தச் சின்னஞ்சிறு காணொளி நாடு முழுக்க ஓடியது. ஒரு வாரம் கழித்துக் கண்டியில், திகனையில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம் வந்தது.

அந்தக் கட்டியை அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சோதித்துப் பார்த்தது. அது மா. மாத்திரையும் இல்லை, மருந்தும் இல்லை. அப்படி மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அந்த மனிதரும் தான் சொன்னதன் பின்னணியைப் பத்திரிகையாளர்களிடம் விளக்கினார். ஒப்புக்கொண்ட காணொளியைப் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த விளக்கம் போய்ச் சேர்ந்தது? கல்முனையிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்வி எனக்கு வருகிறது. ஒருவர் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறலாம் என்று சட்டம் சொல்கிறது, மார்க்கம் சொல்கிறது, ஊர் வழக்கமும் சொல்கிறது. திரும்பப் பெற்ற சொல்லுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நம் பக்கத்தில் இதற்குச் சொற்கள் நிறைய. அரசாங்கம் செய்தால் மீளப் பெறுதல், இரத்துச் செய்தல். கட்சிக்காரர் செய்தால் பல்டி. சாட்சி செய்தால் பிறழ்வு. பாவி செய்தால் தௌபா. தலாக் சொன்ன புருஷன் செய்தால் றஜ்ஆ. இதையெல்லாம் ஒன்றாகக் கட்டிப் பேச நம் ஊரிலேயே ஒரு வினை இருக்கிறது: கிறுகுதல். போன வழியில் கிறுகி வந்தான் என்போம். போனவன் கிறுகி வந்தால் அவன் போன தடம் மண்ணில் இருக்கும், வந்த தடமும் பக்கத்தில் இருக்கும். திரும்பப் பெறுதலில் நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய எனக்குக் கிடைத்த அளவுகோல் இந்த இரட்டைத் தடம்தான். முதல் சொல்லை அழித்துவிட்டு நிற்கும் மறுசொல்லை நான் நம்புவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடையில் என்ன நடந்தது என்றும் சொல்லும் மறுசொல்லையே நம்புகிறேன்.

மருதமுனை முதல் பொத்துவில் வரையுள்ள கரையோர முஸ்லிம்கள் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்தவர்கள். நம் மார்க்கச் சட்டமே ஒரு பெரிய திரும்பப் பெறுதலின் மேல் நிற்கிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை. இமாம் ஷாபிஈ பக்தாதில் இருந்தபோது சொன்ன தீர்ப்புகள் உண்டு. ஹிஜ்ரி 198-199 வாக்கில் அவர் எகிப்துக்குப் போனார். அங்கே தம் பழைய முடிவுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார். பலவற்றை மாற்றினார். 204இல், கிறிஸ்தவ ஆண்டு 820இல், எகிப்திலேயே மௌத்தானார். பக்தாதில் சொன்னதை ‘கவ்ல் கதீம்’, பழைய சொல், என்கிறார்கள். எகிப்தில் சொன்னது ‘கவ்ல் ஜதீத்’, புதிய சொல். இன்று நாம் தொழுவதும் வுழூ எடுப்பதும் பெரும்பாலும் அந்தப் புதிய சொல்லின்படி. ஆனால் பழைய சொல்லை எவரும் எரித்துவிடவில்லை. கிதாபுகளில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சில மஸ்அலாக்களில் பழைய சொல்லே சரி என்று பின்வந்த அறிஞர்கள் தீர்ப்பளித்த இடங்களும் உண்டு. மாணவன் ஓதும்போது இமாம் முதலில் இப்படிச் சொன்னார், பிறகு இப்படிச் சொன்னார் என்றே ஓதுகிறான். அதனால் இமாமின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை.

அகீதாவிலும் அப்படித்தான். நம் பழைய அறபுக் கல்லூரிகள் ஓதிக்கொடுக்கும் கொள்கை அபுல் ஹஸன் அல்அஷ்அரியின் பெயரால் வழங்குவது. அவர் தம் நாற்பது வயது வரை முஃதஸிலாக் கொள்கைக்காக வாதாடியவர். பிறகு பஸறாவின் ஜும்ஆப் பள்ளியில் மக்கள் கூடியிருந்தபோது மேடை ஏறி, தாம் அதுவரை பேசியதை விட்டுவிட்டதாக அறிவித்தார், போட்டிருந்த மேலாடையைக் கழற்றி எறிந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மக்கள் முன்னால் வாதாடினாரோ அந்த மக்கள் முன்னாலேயே விட்டார். மறைவில் செய்த பாவத்துக்கு மறைவில் தௌபா, வெளியில் செய்ததற்கு வெளியில் தௌபா என்று நம் ஆலிம்கள் சொல்லும் விதியின் உருவம் அது.

ஒப்புதல் வாக்குமூலத்தை மாற்றுவது பற்றி ஷாபிஈ சட்டம் நுணுக்கமாகப் பேசுகிறது. ஒருவன் தான் விபச்சாரம் செய்ததாகத் தானே ஒப்புக்கொண்டு, பிறகு இல்லை என்றால், அந்த மறுப்பை ஏற்றுத் தண்டனையை நிறுத்த வேண்டும். இன்னாருக்கு இவ்வளவு கடன் தரவேண்டும் என்று ஒப்புக்கொண்டு பிறகு மறுத்தால் ஏற்கக் கூடாது, ஏனென்றால் அங்கே இன்னொருவரின் உரிமை ஏறிவிட்டது. மாஇஸ் என்ற ஸஹாபியின் சம்பவம் எல்லா ஹதீஸ் மாணவர்களுக்கும் தெரியும். அவர் தாமாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். நபியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் சுற்றி வந்து மறுபடி சொன்னார். நான்கு முறை. கடைசியில் தண்டனை தொடங்கியபோது அவர் வலி தாங்காமல் ஓடினார், மக்கள் விரட்டிப் பிடித்து முடித்துவிட்டார்கள். செய்தி வந்ததும் நபியவர்கள், அவரை விட்டிருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். ஓடியதையே வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்திருக்க வேண்டும் என்று இதிலிருந்து அறிஞர்கள் சட்டம் எடுத்தார்கள்.

வதையால் வாங்கிய சொல்லுக்குப் பெறுமதியே இல்லை என்பதும் அங்கே முடிந்த விஷயம். மக்காவில் அம்மார் பின் யாஸிரைச் சித்திரவதை செய்து ஈமானுக்கு மாறான சொல்லைச் சொல்லவைத்தார்கள். அழுதுகொண்டு வந்த அவரிடம் உள்ளம் எப்படி இருந்தது என்றே நபியவர்கள் கேட்டார்கள். குர்ஆனின் 16ஆவது அத்தியாயம் 106ஆவது வசனம் அவர் விஷயமாக இறங்கியதாக விளக்கவுரைகள் சொல்கின்றன.

சாட்சி சொன்னவர் பிறகு மாற்றினால் என்ன செய்வது என்பதற்கும் பிக்ஹு நூல்களில் தனிப் பகுதி இருக்கிறது. தீர்ப்புக்கு முன் மாற்றினால் அந்தச் சாட்சியத்தை வைத்துத் தீர்ப்பளிக்கக் கூடாது. சொத்து வழக்கில் தீர்ப்பு முடிந்த பிறகு மாற்றினால் தீர்ப்பு நிற்கும், முதலில் பொய்யாகச் சொன்ன சாட்சிகள் நட்டத்தைக் கட்ட வேண்டும். சொல்லைத் திரும்ப எடுத்தவன் முதல் சொல் செய்த சேதத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும் என்ற இந்த யோசனையை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இதெல்லாம் கிதாபில். நேரில் நான் கண்டது ஒன்று. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் பள்ளியில் ஒரு வயதான கதீப் இருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை குத்பாவில் வாரிசுச் சொத்துப் பற்றிப் பேசும்போது, புருஷன் மௌத்தானால் மனைவிக்கு எட்டில் ஒன்று என்று சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். அடுத்த வெள்ளி மிம்பரில் ஏறியபோது அவர் கையில் அஸாவோடு ஒரு கிதாபும் இருந்தது. பழுப்பேறிய தாளுக்குள் தென்னோலை ஈர்க்கு ஒன்றை அடையாளமாக வைத்திருந்தார். “போன வெள்ளி நான் சென்ன கணக்கு அரைவாசிதான். புள்ள இருந்தா எட்டுல ஒண்டு. புள்ள இல்லாட்டி நாலுல ஒண்டு. நான் அதச் செல்லாம விட்டது என்ட பிழை” என்றார். முன் சப்பில் இருந்த மரைக்காயர் தலையைக் குனிந்துகொண்டது நினைவிருக்கிறது. ஒரு பெரிய மனிதர் பிழை என்று சொன்னதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

திரும்பப் பெறுதலுக்கு நம் ஊரில் நாளாந்தம் நடக்கும் களம் காதி நீதிமன்றம். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. தலாக் சொல்ல விரும்பும் புருஷன் முதலில் காதிக்கு அறிவிக்க வேண்டும். காதி இரு பக்கத்து உறவினரையும் ஊர்ப் பெரியவர்களையும் வைத்துச் சமாதானம் பேச வேண்டும். 30 நாள் போயும் சமாதானம் வராவிட்டால்தான் காதி முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, தலாக் சொல்லலாம். சொன்ன பிறகும் இத்தாக் காலம், மனைவி காத்திருக்கும் காலம், முடிவதற்குள் மீட்டுக்கொள்ள இடம் உண்டு. பல இடங்களில் காதியின் வீட்டு விறாந்தைதான் நீதிமன்றம். பிளாஸ்டிக் கதிரைகள், கட்டுக் கட்டாகக் கோவைகள், ஒரு மூலையில் வாப்பாவோடு வந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும் பெண். கோபத்தில் எழுதிக் கொடுத்த அறிவித்தலைத் திரும்ப வாங்கிக்கொண்டு இருவரும் ஒரே முச்சக்கர வண்டியில் வீடு போவதும் நடக்கும்.

அதே விறாந்தையில் ஒரு அநியாயமும் இருக்கிறது. அந்த வகைச் சொல்லைச் சொல்லும் அதிகாரமும் மீட்கும் அதிகாரமும் ஆணின் கையில். மீட்டுக்கொள்ளப்படுகிறவளின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. காதியும் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் அமைத்த குழு அறிக்கை கொடுக்க 2018 ஆகிவிட்டது, கொடுத்த பிறகும் இழுபறிதான். தன்னைப் பற்றிய சொல் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டு ஒரு பெண் மூலையில் இருக்க வேண்டியிருப்பதை, கிதாபின் நீதியுணர்வைப் பற்றி மேலே எழுதிய அதே கையால் நான் மறைத்துவிட்டுப் போக முடியாது.

இனி அரசின் சட்டம். இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் 1895இல் வந்தது. அதன் 24ஆம் பிரிவின்படி அச்சுறுத்தியோ ஆசைகாட்டியோ வாங்கிய குற்ற ஒப்புதல் செல்லாது. 25ஆம் பிரிவின்படி பொலிஸ்காரரிடம் கொடுத்த ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. வெள்ளைக்காரனுக்கே தன் பொலிஸ் நிலையத்தின் உள்ளறை எப்படியிருக்கும் என்று தெரிந்திருந்தது. 1979இல் வந்த 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. அதன் 16ஆம் பிரிவின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகும். அதை வற்புறுத்தி வாங்கினார்கள் என்றால் அப்படியென்று காட்டவேண்டிய பாரம் கொடுத்தவர் தலையில். பூட்டிய அறைக்குள் நடந்ததை, உள்ளே பூட்டப்பட்டிருந்தவனே நிரூபிக்க வேண்டும். தற்காலிக ஏற்பாடு என்று பெயர் வைத்து வந்த சட்டம். 2022இல் திருத்தியபோதும் இந்தப் பிரிவைத் தொடவில்லை.

இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு மட்டக்களப்புப் பக்கத்துச் சிங்கராசா வழக்கு ஒன்றே போதும். 1993இல் கைது. அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வாக்குமூலம் சிங்களத்தில் பதிவானது. மொழிபெயர்த்ததும் ஒரு பொலிஸ்காரர். கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். வழக்கில் அவர் அதை மறுத்தார், வதைபட்டதைச் சொன்னார். மறுப்பை நீதிமன்றம் ஏற்கவில்லை. 1995இல் 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 வருடமானது. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, நிரூபிக்கும் பாரத்தை அவர் மேல் போட்டது பிழை என்று சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அந்தக் குழுவிடம் முறையிட வழிவிட்ட உடன்பாட்டில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லி முடித்துவிட்டது. அம்பாறைக் கடைக்காரருக்கும் இவருக்கும் இடையில் 25 வருடம். இருவரையும் பிடித்தது ஒரே பொறி: தனக்குத் தெரியாத மொழியில் ஒரு ‘ஓம்’.

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு அந்தப் பொறி எங்கள் பக்கம் திரும்பியது. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவை 2020 ஏப்ரல் 14ஆம் திகதி கைது செய்தார்கள். புத்தளத்து மத்ரஸா ஒன்றில் ஓதிய பிள்ளைகளிடம் வாக்குமூலம் எடுத்தார்கள். சில வாரங்களிலேயே பிள்ளைகளின் வாப்பாமார் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள்: எங்கள் பிள்ளைகளை மிரட்டித்தான் அப்படிச் சொல்லவைத்தார்கள் என்று. ஹிஜாஸுக்குப் பிணை கிடைக்க 2022 பெப்ரவரி ஆகிவிட்டது. மன்னார்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீமை அவருடைய ‘நவரசம்’ கவிதைத் தொகுப்பை வைத்து 2020 மே மாதம் பிடித்தார்கள். செய்யாததைச் செய்ததாகச் சொல்லும்படி தன்னை நெருக்கினார்கள் என்று அவர் சட்டத்தரணிகள் மூலம் சொன்னார். தமிழ்க் கவிதையைத் தமிழாகப் படிக்கத் தெரிந்தவர்கள் அதில் வன்முறைக்கு எதிரான கவிதைகளைக் கண்டார்கள். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

கல்முனை மேல் நீதிமன்றத்திலும், குண்டுகளுக்குச் சில நாளில் சாய்ந்தமருதில் வீடொன்று வெடித்த சம்பவத்தையொட்டிய வழக்கில், குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சுயவிருப்பில் கொடுத்ததா என்று ஆராயும் விசாரணை நடந்தது. அதற்கு நம் நீதிமன்றத் தமிழில் ‘உண்மை விளம்பல் விசாரணை’ என்று பெயர். வழக்குக்குள் ஒரு குட்டி வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் மேல் எவருக்கும் இரக்கம் வராத வழக்கிலும் அந்தக் குட்டி வழக்கு நடக்கவேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. இரக்கத்துக்குரியவருக்கு மட்டும் திறக்கும் கதவால் எவருக்கும் பயனில்லை.

அந்த 2019இல் இன்னொரு வினோத அனுபவமும் எங்களுக்குக் கிடைத்தது. ஏப்ரல் 26ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் அந்த வீடு வெடித்தபோது, பக்கத்தில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நிலத்தில் படுத்திருந்தவர்களும் நாங்கள்தான். விடிந்ததும் கண்டன அறிக்கை விடவேண்டியவர்களும் நாங்கள்தான். சொல்லாத சொல்லை வாபஸ் வாங்கச் சொன்னார்கள். பள்ளிகள், சங்கங்கள், பாடசாலைகள் என்று ஒவ்வொன்றும் நாங்கள் அவர்கள் இல்லை என்று எழுதின. எழுதியவர்களைக் குறை சொல்லமாட்டேன், அந்த நாட்களில் அது கடைக்கும் வீட்டுக்கும் போட்ட பூட்டு. ஆனால் ஒரு சமூகம் முழுதும் தான் கொண்டிராத கொள்கையைப் பகிரங்கமாகக் கைவிட்டுக்கொண்டிருந்தது நெஞ்சில் ஒரு கனமாகத்தான் இருந்தது.

இதை எழுதும்போது எங்கள் கையையும் பார்க்கவேண்டும். காத்தான்குடி அப்துர் ரஊப் மௌலவியின் ஸூபிக் கருத்துகளுக்காக 1979இல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அவரை மதம் மாறியவர் என்று பத்வாக் கொடுத்தது. ஊரில் கொதிப்பு அடங்கவேயில்லை. அதே ஊரில், இதேபோன்ற குற்றச்சாட்டுக்கு ஆளான பயில்வான் என்ற அப்துல்லாஹ் 2006 டிசம்பரில் மௌத்தானபோது அடக்கிய மையித்தையே தோண்டி எடுத்தார்கள். 2017 மார்ச் 10ஆம் திகதி அலியார் சந்தியில் ரஊப் மௌலவியின் ஆட்கள் மேல் வாளோடு வந்தது, பின்னால் 2019 குண்டுகளை வெடிக்கவைத்த ஸஹ்ரானின் கூட்டம். கருத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் ஊரை விட்டு வெளியேறு என்று நாங்களே எங்கள் ஆட்களிடம் கேட்டிருக்கிறோம். பத்வாவை மீளப் பெறவேண்டும் என்ற கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. இமாம் ஷாபிஈ தம் சொல்லை மாற்றலாம் என்றால் ஒரு சபை தன் சொல்லை மாற்றக் கூடாதா?

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை 2007இல் ஜமாஅத் ஊர்விலக்கம் செய்தது. நாமக்கல்லில் நாவலாசிரியர் பெருமாள்முருகனை 2015 ஜனவரியில் ‘சமாதானக் கூட்டம்’ ஒன்றில் இருத்தி வைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். அடுத்த வருடம் ஜூலை 5ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றம் அந்த எழுத்து வாக்குறுதிக்குக் கட்டுப்படுத்தும் வலு இல்லை என்றது. ஆசாமிகளும் மார்க்கமும் வேறு. மேசையைச் சுற்றி ஆட்களை நிறுத்தி ஒப்பம் வாங்கும் முறையில் வித்தியாசமில்லை. 1633இல் ரோமாபுரியில் மண்டியிட்டுத் தன் கருத்தை மறுத்த கலிலியோவின் விஷயத்தில் பிழை நேர்ந்தது என்று பாப்பரசர் சொல்ல 1992 ஆனது.

மிரட்டலில்லாமல், யோசித்துக் கிறுகியவர் என்று எங்கள் கரையில் எடுத்துக்காட்ட ஒருவர் இருக்கிறார். எம்.எச்.எம். அஷ்ரப். சம்மாந்துறையில் பிறந்து கல்முனையில் வளர்ந்தவர். 1977 தேர்தலில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி என்ற அமைப்போடு தமிழர் விடுதலைக் கூட்டணிக்காக மேடை ஏறினார். அண்ணன் அமிர்தலிங்கத்தால் முடியாவிட்டாலும் தம்பி அஷ்ரப் ஈழத்தைப் பெற்றுத் தருவேன் என்று அவர் பேசியதாகப் பழைய ஆட்கள் இன்றும் கடைத்தெருவில் சொல்வார்கள். கரையோர முஸ்லிம்கள் அந்தத் தேர்தலில் அவர் பேச்சுக்கு ஓட்டுப் போடவில்லை. பிறகு கூட்டணியோடு கசப்பு. 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸ். 1985 ஏப்ரலில் காரைதீவுப் பக்கம் தமிழ்-முஸ்லிம் கலவரம் மூண்டு, அவர் கல்முனையை விட்டுக் கொழும்பு போனார். 1986இல் காங்கிரஸ் அரசியல் கட்சியானது. 1989இல் திகாமடுல்ல மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம். ஈழத்துக்காகப் பேசிய அதே குரல் முஸ்லிம்களுக்குத் தனி அதிகார அலகு கேட்டது. 1999இல் மறுபடி ஒரு திருப்பம்: எல்லா இனத்தவரையும் சேர்க்கும் தேசிய ஐக்கிய முன்னணி. 2000 செப்டம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்து எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

அவருடைய எதிரிகள் இதைப் பல்டி என்பார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் ஒரு நிகழ்ச்சி இருக்கிறது, ஒவ்வொன்றையும் அவர் மேடையிலேயே சொன்னார், பழைய பேச்சைப் பேசவில்லை என்று சாதிக்கவில்லை. கடைத்தெருவில் இன்றும் அந்தப் பழைய பேச்சைச் சொல்லமுடிகிறதே, அதுவே அதற்குச் சாட்சி. அவர் போனபின் வந்த கட்சி மாற்றங்களுக்கு நான் பக்கம் ஒதுக்கமாட்டேன். அங்கே முதல் சொல்லும் இல்லை, மறுசொல்லும் இல்லை, அமைச்சு மட்டும்தான் இருக்கிறது.

அரசாங்கத்தின் திரும்பப் பெறுதல் வேறு ஜாதி. 2020 பெப்ரவரி நடுப்பகுதியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகரசபை என்று வர்த்தமானி வந்தது. பல வருடப் போராட்டம். ஊர் கொண்டாடியது. சில நாட்களிலேயே அமைச்சரவை அதை இடைநிறுத்தியது. கல்முனைக்குள்ளேயே இதை விரும்பாதவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கும் நியாயங்கள் உண்டு. என் மனவருத்தம் வேறு: கொடுத்ததற்கும் எடுத்ததற்கும் இடையில் புதிதாகத் தெரியவந்தது என்ன என்று ஊருக்கு ஒருவரும் விளக்கவில்லை. ஒரு தடத்தை மண் போட்டு மூடி, மேலே நடந்துபோய்விட்டார்கள்.

ஜனாஸா விவகாரம் அதைவிடப் பெரியது. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி கொவிட்டில் இறந்தவர்களைத் தகனம் செய்தேயாக வேண்டும் என்றது. அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் மனுக்களைக் காரணம் சொல்லாமல் தள்ளியது. பிறந்து 20 நாளான ஒரு குழந்தையையும் எரித்தார்கள். வேலிகளிலும் கேற்றுகளிலும் வெள்ளைச் சீலைத் துண்டுகள் கட்டினோம். கபனுக்குக் கிழிக்கும் அதே சீலை. 2021 பெப்ரவரி 3ஆம் திகதி பொத்துவிலில் தொடங்கிப் பொலிகண்டி வரை போன நடைபயணத்தில் ஜனாஸாவும் ஒரு கோரிக்கை. கல்முனையில் தமிழ்ப் பொடியன்களும் முஸ்லிம் பொடியன்களும் ஒரே பதாகையைப் பிடித்து நடந்ததை அதற்கு முன் எப்போது பார்த்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி மாறியது. மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் அடக்கம். அதற்குள் எரித்த முஸ்லிம்கள் 276 பேர்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நல்ல காரியம், அதைச் சிறிதாக்கமாட்டேன். ஆனால் பிக்ஹு நூலின் சாட்சி நினைவுக்கு வருகிறார்: சொல்லைத் திரும்ப எடுத்தால் அது செய்த நட்டத்தையும் ஏற்கவேண்டியவர். நிலத்தடி நீர் கெடும் என்று யார் சொன்னார்? எந்தச் சோதனையை வைத்துச் சொன்னார்? அந்தப் பெயரும் அந்தத் தாளும் மன்னிப்போடு சேர்ந்து வரும்வரை, சாம்பலை வாங்கிய குடும்பம் எதை நட்டமாகக் கணக்கிட்டு எவரிடம் கேட்பது? அம்பாறை, திகனை விஷயத்தில் 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனமும் வருத்தம் தெரிவித்தது. வதந்தி ஓடியது சிங்களத்தில், அடிபட்டது தமிழ் பேசியவர். வருத்தம் வந்தது ஆங்கிலச் செய்தியாக.

எங்கள் கதீப்பின் கதையில் பாதியைத்தான் மேலே எழுதினேன். மீதியை உம்மா பல வருடம் கழித்துச் சொன்னார். அந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு மீன்பிடிகாரர் மௌத்தாகியிருந்தார். பிள்ளைகள் இல்லை. ஒரு தோணியும் வலையும் அரை ஏக்கர் தென்னந்தோட்டமும். குத்பாவைக் கேட்டுவிட்டு வந்த அவருடைய காக்காமார் அவர் மனைவியிடம் எட்டில் ஒன்று என்று சொல்லிவிட்டார்கள். அவளும் சரியென்றுவிட்டாள். பொம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போகாத ஊர், அதிலும் அவள் இத்தாவில் இருக்கிறாள். மிம்பரில் சொன்ன திருத்தம் அவள் காதுக்குப் போக வழியில்லை.

அன்று தொழுகை முடிந்ததும் கதீப் வீட்டுக்குப் போகவில்லை. அவளுடைய மாமாவைக் கூட்டிக்கொண்டு, உச்சி வெயிலில், அவள் வீட்டுத் திண்ணைக்கு முன்னால் வந்து நின்றார். உம்மா உள்ளே அவளோடு இருந்திருக்கிறார். கதவுச் சீலைக்கு வெளியே கிதாபைத் திறக்கும் சத்தம் கேட்டதாம்.

“புள்ள, நான் போன வெள்ளி சென்ன கணக்கு பிழை. உங்கட பங்கு எட்டுல ஒண்டு இல்ல, நாலுல ஒண்டு. காக்காமாருக்கும் பள்ளில வெச்சுச் சென்னன். உங்களுக்கும் செல்ல வந்தன்.”

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. விளங்கவில்லையோ என்று நினைத்து, அவர் முதலில் தான் சொன்னதையும் இப்போது சொல்வதையும் மறுபடி, கொஞ்சம் சத்தமாக, வாசித்தார்.